குழி நிறைந்த பிறகு யார் பொறுப்பு? கிராமத் துப்புரவில் ஊரைச் சேர்க்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

கிராமத் துப்புரவுத் திட்ட அறிக்கை எதைப் புரட்டினாலும் முதல் பக்கத்திலேயே 'மக்கள் பங்கேற்புடன்' என்று இருக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 6.பி என்று இதற்காகவே ஒரு பிரிவு உண்டு: குடிநீர், துப்புரவு மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கேற்பை வலுப்படுத்த வேண்டும். யாரும் மறுக்காத வாசகம். மறுக்க ஆளில்லாததாலேயே அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடிவதில்லை. பங்கேற்பு என்ற பெயரில் ஒருவர் ஊர்க்கூட்டம் போட்டுப் பயனாளிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். இன்னொருவர் ஊர்மக்களை வயல்வெளிக்கு அழைத்துப்போய் வெட்கப்பட வைக்கிறார். மூன்றாமவர் உள்ளூர்க் கொத்தனாரை வியாபாரியாக்கிக் கழிப்பறையை விற்கச் சொல்கிறார். நான்காமவர் வீட்டுக்கு வீடு பணம் வசூலித்து வங்கியில் போடுகிறார். கையிலிருக்கும் பணமும் ஆட்களும் எல்லாவற்றுக்கும் போதாது. எதைத் தேர்ந்தெடுப்பது?

கட்டி முடித்த கழிப்பறைகளை எண்ணி ஒப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. உலகில் திறந்தவெளியை நாடுவோர் 2000-இல் ஏறத்தாழ 130 கோடி. 2022-இல் சுமார் 42 கோடி. கட்டுவதில் உலகம் தேறிவிட்டது. ஆனால் மலக்கழிவு பாதுகாப்பாக அகற்றப்படும் வசதி 2022-இல் உலக மக்களில் 57 சதவீதத்தினருக்கே இருந்தது. துப்புரவு என்பது சேவை. கட்டடம் அதன் தொடக்கம். ஆகவே என் அளவுகோல் வேறு. ஐந்தாண்டுகள் கழித்துக் குழி நிறையும்போது, யாரைக் கூப்பிடுவது, யார் பணம் கொடுப்பது, அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதற்கு ஊரிடம் பதில் இருக்குமா? அந்தப் பதிலை எந்த வழி ஊருக்குள் விட்டுச் செல்கிறது?

வெட்கத்தை நம்பும் வழி

மிகவும் புகழ்பெற்றது இதுதான். 2000-ஆம் ஆண்டையொட்டி வங்கதேசத்தின் ராஜஷாகி மாவட்டத்தில் மோஸ்மொயில் என்ற கிராமத்தில் பிறந்தது. மானியம் கொடுத்துக் கழிப்பறை கட்டும் ஒரு திட்டத்தை மதிப்பிடப் போன வளர்ச்சித் திட்ட ஆலோசகர் கமல் கர், மானியத்தை விட்டுவிட்டு ஊரே தன் நிலையைப் பார்த்து முடிவெடுக்கட்டும் என்றார். பிற்பாடு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன.

கூட்டம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இதன் வலிமை புரியும். வெட்டவெளித் தரையில் ஊரின் வரைபடம் போடப்படுகிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு இருக்கும் இடத்தில் ஓர் இலையையோ கல்லையோ வைக்கிறது. பிறகு, காலையில் ஒதுங்கும் இடத்தில் மஞ்சள் நிறப் பொடியைத் தூவச் சொல்கிறார்கள். சிரிப்பும் கூச்சமுமாகத் தொடங்கும். சற்று நேரத்தில் குளக்கரை, பள்ளியின் பின்புறம், பாதையோரம் எல்லாம் மஞ்சளாகிவிடும். மழைக்காலத்தில் எங்கே போவீர்கள், இரவில் வயிற்றைக் கலக்கினால் எங்கே போவீர்கள் என்று கேட்கக் கேட்க மஞ்சள் வீடுகளை நெருங்கி வரும். அடுத்து எல்லோரும் எழுந்து அந்த இடத்துக்கே நடக்கிறார்கள், அங்கேயே நிற்கிறார்கள். கூட்டம் நடத்துபவர் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டுகிறார், குடிக்கிறார்கள். தலைமுடி ஒன்றை மலத்தில் தொட்டு அதே தண்ணீரில் விட்டு மறுபடி நீட்டுகிறார், ஒருவரும் வாங்குவதில்லை. ஈக்கு எத்தனை கால், முடியைவிட அதில் எவ்வளவு ஒட்டும் என்று மட்டும் கேட்கிறார். உபதேசம் கிடையாது. நாம் ஒருவர் கழிவை ஒருவர் தின்றுகொண்டிருக்கிறோம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லும்வரை காத்திருப்பதுதான் உத்தி.

பலன் என்ன? ஒரே பதில் கிடைக்கவில்லை. மாலி நாட்டில் 121 கிராமங்களில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், இந்த முறை நடந்த ஊர்களில் 65 சதவீத வீடுகளில் சொந்தக் கழிப்பறை இருந்தது. நடக்காத ஊர்களில் 35. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. ஆனால் உயர வளர்ச்சி மேம்பட்டது. அதே 2015-இல், இந்த முறை பிறந்த ராஜஷாகி மாவட்டத்திலேயே தானோர் என்ற பகுதியில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. அங்கே வெறும் விழிப்புணர்வுக் கூட்டம் மட்டும் நடந்த ஊர்களில் சொல்லத்தக்க மாற்றமே இல்லை.

ஏன் இந்த முரண்? என் கணிப்பு இது. ஒன்றுமே இல்லாத இடத்தில் சொந்த உழைப்பில் ஒரு குழி தோண்டினாலே முன்னேற்றம். அதற்கு மனம் வந்தால் போதும். கழிப்பறை ஓரளவு பரவிவிட்ட இடத்தில் அடுத்த படி, பீங்கான் கோப்பையும், நாற்றம் மேலே வராமல் தடுக்கும் நீரடைப்பும், சிமெண்டு உறைகளும் உள்ள சுகாதாரமான கழிப்பறை. அதற்குப் பணம் வேண்டும். வெட்கம் எவ்வளவு இருந்தாலும் அது சிமெண்டு வாங்கித் தராது.

நீடிப்பதிலும் சிக்கல். எத்தியோப்பியா, கென்யா, சியரா லியோன், உகாண்டா ஆகிய நான்கு நாடுகளில் இம்முறையில் திறந்தவெளிக் கழிப்பு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட கிராமங்களை 2013-இல் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். 87 சதவீத வீடுகளில் பயன்படும் கழிப்பறை இருந்தது; நல்ல செய்தி. மூடி, கை கழுவ இடம், தண்ணீரும் சோப்பும் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோது தேறியவை 8 சதவீத வீடுகள்தான்.

இந்த வழியில் பணம் செலவிட நினைப்பவர் ஆள் தேர்வில் செலவிட வேண்டும். கானாவில், ஊருக்குள்ளிருந்து தாமாக முன்வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, வெறும் கூட்டம் நடந்த ஊர்களைவிடத் திறந்தவெளிக் கழிப்பு ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் குறைந்தது. எத்தியோப்பியாவில் பள்ளி ஆசிரியர்கள் நடத்தியதைவிட, வீடுகளுக்குப் போய்வரும் சுகாதாரப் பணியாளர்கள் நடத்தியது நன்றாக வேலை செய்தது. ஆசிரியருக்கு மரியாதை இருக்கலாம். அடுத்த வாரம் வந்து கதவைத் தட்டுபவர் சுகாதாரப் பணியாளர்தான்.

எனக்கு உள்ள பெரிய தயக்கம் வேறு. வெட்கம் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. மேலும் கீழுமாகப் பிரிந்த ஊரில் அது பள்ளம் பார்த்து ஓடும்: குழி தோண்ட ஒரு முழம் நிலமில்லாதவர், வாடகை வீட்டுக்காரர், வயதானவர். இந்தியாவில் தூய்மை இந்தியா இயக்கத்தின்போது விடியற்காலையில் ஊதல் ஊதிக்கொண்டு ஆட்களைத் துரத்தியதும், ரேஷனை நிறுத்துவோம் என்று மிரட்டியதும் நடந்தன. 2018-இல் பிகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் நடந்த ஆய்வில், இத்தகைய கட்டாயம் தங்கள் ஊரில் நடந்ததாக அறிந்திருந்த வீடுகள் பாதிக்கு மேல். ஊரே தன்னைத் திருத்திக்கொள்வது என்று தொடங்கியதை, ஊரில் வலுத்தவன் இளைத்தவனைத் திருத்துவதாக மாற்ற ஒரு ஊதல் போதும்.

மானியம் கொடுக்கும் வழி

அரசுகளுக்குப் பிடித்தது இது, எண்ணிக் காட்டலாம் என்பதால். மக்களின் பங்கு பெரும்பாலும் பட்டியலில் பெயர் சேர்ப்பதோடு முடிந்துவிடும். ஒப்பந்தக்காரர் வருகிறார், ஒரே அளவில் ஐம்பது கட்டுகிறார், படம் எடுக்கிறார், போகிறார். கதவு தெருவைப் பார்த்துத் திறக்கும். தண்ணீர்த் தொட்டி இருக்காது. உட்கார்ந்து எழ முடியாத பாட்டிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்காது. வீட்டுக்காரரிடம் யாரும் கேட்கவில்லை என்பது கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். சில ஆண்டுகளில் அங்கே விறகும் வைக்கோலும் குடியேறிவிடும்.

ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. பயன்படுத்தத் தக்க நிலையில் இருந்தவற்றை மட்டும் கணக்கிட்டால் மொத்த வீடுகளில் 38 சதவீதம்தான். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, புழுத் தொல்லை, எடை, உயரம் எதிலும் முன்னேற்றம் இல்லை. நான் மேலே சொன்ன நான்கு மாநிலங்களிலும் 2014-க்கும் 2018-க்கும் இடையில் திறந்தவெளியில் கழிப்போர் சுமார் 70 சதவீதத்திலிருந்து சுமார் 44 சதவீதமாகக் குறைந்தனர். பெரிய மாற்றம், மறுக்க முடியாது. ஆனால் கழிப்பறை உள்ள வீட்டாரில் அதைப் பயன்படுத்தாமல் வெளியே போனவர்கள் இரண்டு முறையும் ஏறக்குறைய 23 சதவீதம். கட்டியவர்கள் கூடினார்கள்; கட்டிவிட்டு வெளியே போகும் பழக்கம் அசையவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு மானியத்தைத் தள்ளிவிட முடியாது. தானோர் ஆய்வுக்குத் திரும்புவோம். அங்கே கூட்டத்தோடு, ஏழைக் குடும்பங்களுக்கு ஊரார் முன்னிலையில் குலுக்கல் போட்டு மானியச் சீட்டும் கொடுத்தார்கள். விலையில் ஒரு பகுதியையும் ஏற்றிவரும் செலவையும் கட்டும் வேலையையும் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டுக் கிடைத்த குடும்பங்களில் சுகாதாரமான கழிப்பறை 22 சதவீதப் புள்ளிகள் கூடியது. கிடைக்காத பக்கத்து வீடுகளிலும் 8.5 புள்ளிகள் கூடியது. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். மானியம் கொடுத்தால் மற்றவர்கள் கைகட்டிக் காத்திருப்பார்கள் என்பது துப்புரவுத் துறையில் பல்லாண்டாகச் சொல்லப்படும் வாதம். இங்கே அண்டை வீட்டார் காத்திருக்கவில்லை. சொந்தப் பணத்தில் கட்டினார்கள்.

மானியம் கெடுப்பதும் கொடுப்பதும் அதன் வடிவத்தைப் பொறுத்தது. கட்டடமாகக் கொடுத்தால் மக்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். சீட்டாக, பகுதியாக, யாருக்கு என்பதை ஊரறியத் தீர்மானித்துக் கொடுத்தால் வாங்குபவர்கள்.

சந்தை வழி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கம்போடியாவில் 2000-களின் இறுதியிலிருந்து, எளிதில் பொருத்தும் கழிப்பறைப் பாகங்களை உள்ளூர் சிமெண்டுத் தொழிலாளிகளே வார்த்து விற்கப் பழக்கினார்கள். வாடிக்கையாளர் விரும்பித் தேர்ந்தெடுத்தது என்பதால் பயன்படாமல் கிடப்பது குறைவு. பழுது பார்க்க ஊரிலேயே ஆள் உண்டு. ரொக்கமாகக் கேட்டால் தயங்கும் குடும்பங்கள் தவணைக் கடன் என்றால் முன்வருகின்றன என்பதையும் அங்கே நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் சந்தை கடைசி வீடுவரை போகாது. பரம ஏழைகள் விடுபடுவார்கள். கம்போடியாவிலும் பின்னர் அவர்களுக்கென்று தனியாக மானியம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஊருக்கு நடுவே பத்து வீடுகள் விடுபட்டால் கிருமிக்கு அந்தப் பத்தே போதும்.

எல்லோரும் அல்லது யாருமில்லை

மறுபடி ஒடிசா. கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் வைத்த நிபந்தனை கடுமையானது: ஊரில் ஒரு வீடுகூட விடாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லோரும் ஒரு வைப்பு நிதியில் பணம் போட வேண்டும். அதன் வட்டி, பின்னாளில் ஊரில் புதிதாகக் குடும்பம் தொடங்குவோரின் கழிப்பறைக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறையோடு தனிக் குளியலறையும் உண்டு. எல்லா வீடுகளிலும் கட்டி முடிந்த பிறகுதான் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் திறக்கப்படும்.

அந்தக் கடைசி விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள். நாலு வீடு முடிக்காததால் எல்லோருக்கும் குழாய் நிற்கிறது என்றால், அந்த நாலு வீட்டு வாசலுக்கும் பெண்கள் போவார்கள். வெளியாள் போகத் தேவையில்லை. அதோடு, ஒரே தொட்டியின் தண்ணீர் ஊரின் கடைக்கோடித் தெருவுக்கும் போகிறது. சாதி பார்த்துப் பிரிந்து கிடக்கும் ஊரில் இது குழாய் வேலையைவிடப் பெரிய வேலை.

இந்த வழியில் வேலை நடந்த ஏறத்தாழ நூறு கிராமங்களை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, சிகிச்சை தேவைப்பட்ட வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவீதம்வரை குறைந்ததாகவும், அது ஐந்தாண்டுகளுக்கு மேலும் நிலைத்ததாகவும் கண்டது. குலுக்கல் முறையில் ஊர்களைத் தேர்ந்தெடுத்த ஆய்வல்ல என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். இருந்தாலும், மானியக் கழிப்பறைகளால் பலனே தெரியாத அதே மாநிலத்தில் இப்படியொரு முடிவு.

இதற்குக் கொடுக்கும் விலை, காலம். ஒரு ஊர் ஒப்புக்கொள்ளவே ஆண்டுக்கணக்கில் ஆகலாம். முரண்டு பிடிக்கும் ஒரு பெரிய வீடு மொத்தத்தையும் நிறுத்திவிடலாம். அரசின் நிதியாண்டுக்கு இந்தப் பொறுமை கிடையாது. பெரிய ஊர்களிலும், வேலைக்காக வந்து போகும் மக்கள் அதிகமுள்ள இடங்களிலும் 'எல்லோரும்' என்பதற்கே எல்லை தெரியாது.

குழியைத் திறந்து பார்ப்போம்

எந்த வழியில் கட்டினாலும் குழி நிறையும். இரட்டைக் குழிக் கழிப்பறையின் கணக்கு எளிது: ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்ப வேண்டும். மூடிய குழி வெப்பமான இடங்களில் ஓராண்டுக்கு மேல், எச்சரிக்கையாக இரண்டாண்டு, சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மண்போல ஆகிவிடும். நாற்றம் இருக்காது, எருவாகலாம். திருப்பும் இடம் இரண்டு குழாயும் பிரியும் ஒரு சிறு அறை. அதன் பலகையைத் தூக்கினால் ஒரு குழாய் வாய் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைக்கப்பட்டிருக்க வேண்டும். பல இடங்களில் இரண்டும் திறந்தே கிடக்கும். இரண்டு குழியும் ஒன்றாக நிறையும். முழுச் செலவும் வீண். சில வீடுகளில் அந்தப் பலகையின் மேலேயே தளம் பூசிவிட்டிருப்பார்கள். கூட்டத்தில் மஞ்சள் பொடி தூவியவர்களுக்கு இந்தச் செங்கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊரிலும் வெள்ளம் தேங்கும் ஊரிலும் இந்த வடிவமே சரிவராது என்பதையும் சொல்லவில்லை.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முடிச்சு. வட இந்தியக் கிராமங்களில் 2014-இல் வெளியான ஆய்வொன்றில், பயன்படும் கழிப்பறை உள்ள வீடுகளில் 40 சதவீதத்துக்கு மேல், குறைந்தது ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். குழியைத் தொடுவது தங்கள் வேலையல்ல, ஒரு சாதியின் வேலை என்ற எண்ணம் இருக்கும் இடத்தில் குழி நிறைவது பெரும் பயம். அதனால் ஆழமான பெரிய தொட்டி கட்ட முடிந்தால்தான் கழிப்பறை, இல்லையென்றால் வேண்டாம் என்பார்கள். கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அள்ளச் சொல்பவர் குற்றவாளி. ஆக, இரட்டைக் குழியில் மண்ணாகிப் போனதை வீட்டாரே எடுக்க மனம் பழக வேண்டும், அல்லது உறிஞ்சும் வண்டி வர வேண்டும்.

வண்டி என்றால் சந்து அகலம், குழாய் நீளம், எத்தனை வீட்டுக்கு ஒரு நடை, கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொட்டுமிடம். கசடு உலர்த்தும் படுகைக்கு இடம் தேடும் கூட்டம்தான் நான் அறிந்தவரை பங்கேற்பின் மெய்யான சோதனை. கழிப்பறை வேண்டும் என்பதற்கு எல்லோரும் கை தூக்குவார்கள். படுகை எங்கே என்றதும் எல்லா விரலும் ஊரின் ஒரே மூலையை நோக்கும். அந்த மூலையில் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தை நடத்தும் திறனை ஊரில் வளர்க்காத எந்த வழியும் பாதி வழிதான்.

எந்த ஊருக்கு எது

சிறிய ஊர், குடியிருப்பு நிலையானது, தண்ணீரும் பிரச்சினை, நிதி கொடுப்பவர் நான்கைந்து ஆண்டு பொறுப்பார் என்றால், தயங்காமல் 'எல்லோரும் அல்லது யாருமில்லை' வழி. ஊர்ப் பொதுநிதி, கணக்கு, கூட்டம் மூன்றையும் அது விட்டுச் செல்வதால் வண்டிக்குக் கட்டணம் வசூலிக்க ஐந்தாம் ஆண்டில் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டியதில்லை.

பெரிய ஊர், பிரிவினை அதிகம், ஈராண்டுதான் அவகாசம் என்றால், தானோரில் செய்ததுபோல் தெருவாரியாகக் கூட்டமும் ஏழைகளுக்குப் பகுதி மானியச் சீட்டும். மற்றவர்களை உள்ளூர்க் கொத்தனாரிடமும் தவணையிடமும் விட்டுவிடலாம். கொத்தனார் பயிற்சியில் பாதி நேரத்தை அந்தப் பிரிப்பு அறைக்கும் செங்கல்லுக்கும் ஒதுக்க வேண்டும்.

வெட்கத்தை மட்டும் நம்பும் வழியை ஓரிடத்தில்தான் தேர்ந்தெடுப்பேன்: அநேகமாக எந்த வீட்டிலும் கழிப்பறை இல்லை, எல்லோருக்கும் நிலம் இருக்கிறது, மண் தோண்ட எளிது, ஊரார் ஒருவருக்கொருவர் ஏறக்குறைய சமம். பாதி வீடுகளில் ஏற்கெனவே கழிப்பறை இருக்கும் ஊரில் அதைச் செய்தால், இருப்பவர்கள் இல்லாதவர்களைப் பார்த்து ஊதல் ஊதுவதில் போய் முடியும். ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கட்டிக் கொடுக்கும் மானியத்தை எந்த ஊருக்கும் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் கூட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். வேலைக்குப் போனவர்கள் திரும்பாத பிற்பகலில் கூட்டம் வைத்தால் வருபவர்கள் நிலம் உள்ள பெரியவர்கள் மட்டுமே. பெண்களை மட்டும் வைத்து ஒரு கூட்டம் தனியாக நடத்தினால், கதவு எந்தப் பக்கம், விளக்கு எங்கே, மாதவிடாய்த் துணியை எங்கே போடுவது என்று வேறு பட்டியலே வரும். வாடகைக்காரர்களும் நிலமில்லாதவர்களும் இருக்கும் தெருவில், கழிப்பறை யார் நிலத்தில் நிற்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடிக்காவிட்டால் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிவிடுவார்.

திட்டத்துக்குக் கையெழுத்திடுமுன் நிதி கொடுப்பவரிடம் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லலாம்: கடைசித் தவணை கட்டி முடித்த நாளில் விடுவிக்கப்படாது. எந்த வீட்டுக் குழி எப்போது பயன்பாட்டுக்கு வந்தது என்ற பதிவேடு ஊரில் ஒருவர் பொறுப்பில் இருந்து, முதல் பத்துக் குழிகளாவது திருப்பப்பட்டோ காலி செய்யப்பட்டோ, கசடு ஊர் ஒப்புக்கொண்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே விடுவிக்கப்படும். இதற்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவாகவே இருக்கும். தேர்வு செய்வது அந்த அளவுக்கு எளிதாகிவிடும்.